நாற்பத்தொரு சதவீத வீடு

வீட்டுக்கார அம்மா தோனா லிந்தால்வா சோளக் கேக்கோடு வந்து நின்றபோதே ஏதோ விபரீதம் என்று எனக்குப் பட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து எட்டு வருடமாக அவருடைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் பக்கத்து வாசலில் இருக்கிறார், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வாடகை ஒரு நாள் தள்ளிப்போனால் அந்தச் சுவரைத் தட்டுவாரே தவிர, காரணமில்லாமல் கேக் கொண்டுவருகிற ஆள் இல்லை.

"உட்காரு மகளே," என்று என் வீட்டில் என்னையே உட்காரச் சொன்னார். "வால்மிரையும் கூப்பிடு. தனித்தனியா சொன்னா ரெண்டு தடவை அழுகையைப் பாக்கணும்."

வால்மிர் என் கணவன். லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். குளித்துக்கொண்டிருந்தவன் இடுப்பில் துண்டோடு ஓடி வந்தான்.

விஷயம் இதுதான். தோனா லிந்தால்வா ஜூலையில் ஜுவாவோ பெசோவாவுக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார். கடல் காற்று முட்டிவலிக்கு நல்லதாம். அவர் வீட்டில் மகன் குடிவருகிறான். நாங்கள் இருக்கும் வீட்டை விற்கிறார். வாங்கவும் ஆள் வந்தாயிற்று, தெருமுனையில் தானிய மண்டி வைத்திருப்பவர். வீட்டை இடித்துவிட்டு லாரி நிறுத்தப் போகிறாராம்.

"ஆனா சட்டப்படி முதல்ல குடியிருக்கிறவங்களைத்தான் கேக்கணும்," என்றார் தோனா லிந்தால்வா. "அவர் சொன்ன அதே விலை. ஒரு ரெயால் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஜூன் முடியறதுக்குள்ள பணத்துக்கு வழி காட்டிட்டீங்கன்னா வீடு உங்களுது. இல்லேன்னா லாரிதான்."

அவர் போனபிறகு நான் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒட்டியிருக்கும் நீல ஓடுகள் நான் பன்னிரண்டு தவணையில் வாங்கியவை. கடைசித் தவணை இன்னும் பாக்கி. எங்கள் ஊர் கம்பினா கிராண்டேயில் குழாய் வறண்டுபோகும் மாதங்களில் தெருவே வாளியோடு எங்கள் வாசலுக்கு வரும், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கடியில் இருக்கும் தொட்டி வற்றாது. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. மதியம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போவேன். இதையெல்லாம் விட்டுவிட்டு நகரத்துக்கு வெளியே ஏதோ ஒரு நாலாவது மாடிக்குப் போகவேண்டுமா? என் நீல ஓடுகள்மேல் எவனோ லாரியை ஏற்றுவானா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இந்த வீட்டை வாங்கறோம்," என்றேன்.

"கேக்கை வெட்டு முதல்ல," என்றான் வால்மிர். ஆனால் அவன் கண் மின்னியது எனக்குத் தெரிந்தது.

பணம் சம்பந்தமான எதற்கும் எங்கள் வீட்டில் சட்டசபை கூட வேண்டும். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சம்பளம் வந்த வார ஞாயிறு, காலை காபிக்குப் பிறகு, சாப்பாட்டு மேசையில். அவன் சம்பளம் அவன் கணக்கில், என் சம்பளம் என் கணக்கில், வீட்டுச் செலவு மட்டும் இருவரும் போட்டுப் பொதுவில். சின்னச் செலவுக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. பெரிய செலவு என்றால் இரண்டு ஓட்டும் விழ வேண்டும். ஒரு ஓட்டு எதிர்த்தாலும் தீர்மானம் தோல்வி. வால்மிரின் ராட்சச ஸ்பீக்கர் மூன்று முறை தோற்றிருக்கிறது. என்னுடைய ஏர் ஃப்ரையர் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஜெயித்தது.

அந்தச் சட்டசபையில் நாங்கள் ஒரே மனதாக நிறைவேற்றிய ஒரே பெரிய தீர்மானம் வீட்டுச் சீட்டு. நாலு வருடத்துக்கு முன் சேர்ந்தோம், என் பெயரில். எங்கள் ஊரில் வங்கிக் கடன் வட்டிக்குப் பயந்தவர்கள் எல்லாரும் சீட்டில்தான் இருப்பார்கள். மாதாமாதம் எல்லாரும் தவணை கட்டுவோம். மாதம் ஒருவருக்குக் குலுக்கலில் விழும், இன்னொருவருக்கு ஏலத்தில். ஏலம் என்றால், வீட்டு விலையில் எவ்வளவு பங்கை இப்போதே மொத்தமாகக் கட்டத் தயார் என்று கம்பெனிக்கு முன்கூட்டி எழுதிப்போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதிக சதவீதம் போட்டவருக்குச் சீட்டு. அந்தப் பணத்தை இரண்டு வேலை நாளுக்குள் கட்டிவிட்டால், கம்பெனியே வீட்டு விலையை விற்பவருக்குக் கொடுத்துவிடும். மிச்சத்தை நாம் தவணையில் கட்டிக்கொண்டே போகலாம்.

நாலு வருடமாக நாங்கள் ஏலமே போட்டதில்லை. குலுக்கலை நம்பிக்கொண்டு சும்மா இருந்தோம். இனி அது ஆகாது. ஜூன் மாதச் சீட்டுக் கூட்டம் இருபத்துமூன்றாம் தேதி. அதை விட்டால் அடுத்தது ஜூலையில், அதற்குள் லாரி வந்துவிடும். ஒரே ஒரு வாய்ப்பு.

அந்த ஞாயிறு சட்டசபை கூடியது. இருவரின் பி.எஃப். பணம், சேமிப்பு, ஜூனில் அவனுக்கு வரும் பாதி போனஸ், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். வீட்டு விலையில் முப்பத்தாறு சதவீதம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்மிடம் இவ்வளவு இருக்கிறதா என்று அவன் கணக்கை மறுபடி போட்டான், நான் மூன்றாம் தடவை போட்டேன்.

"போன மாசம் முப்பத்தேழுக்குப் போச்சு," என்றான் வால்மிர். "ஜூன்ல எல்லார் கையிலயும் போனஸ் இருக்கும். இன்னும் ஏறும். என் பைக்கை வித்துடலாம்."

"பைக்கை வித்துட்டு?"

"பஸ்ல போறேன்."

"நடுராத்திரி எவனாவது லிஃப்டுல மாட்டிக்கிட்டான்னு போன் வந்தா? பஸ்ஸுக்காகக் காத்திருக்கியா? வேலையே போயிடும். என் ஓட்டு எதிர்."

"ஜுசாரா, ஒரு வீட்டுக்காக..."

"எதிர்னா எதிர். உன் வண்டி உன் கையி காலு மாதிரி. அதை வித்து வாங்கற வீட்டுல என்னால நிம்மதியா காபி குடிக்க முடியாது."

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் விதி விதிதான். முப்பத்தாறு என்று முடிவாகி, அன்றே அவன் எதிரிலேயே கம்பெனியின் செயலியில் போட்டேன். சீட்டு என் பெயரில் என்றாலும் கடவுச்சொல் இருவருக்கும் தெரியும்.

அதன்பிறகு எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் என் வேலை வரவேற்பு மேசை. பல்லுக்குக் கம்பி கட்டுபவர்களுக்குத் தவணை போட்டுக் கொடுப்பேன். அந்த மாதம் யார் வந்தாலும் அவர்கள் எங்கள் சீட்டில் இருப்பார்களோ என்று தோன்றியது. ஒரு பெரியவர் செயற்கைப்பல் செட்டுக்கு முழுப்பணத்தையும் ரொக்கமாக எண்ணி வைத்தார். இப்படிப்பட்ட ஆட்கள் நாற்பது சதவீதம் போடுவார்களே என்று எனக்கு அவர்மேல் காரணமில்லாத கோபம். ரசீதைக் கொஞ்சம் வேகமாகவே நீட்டினேன்.

தெருவெல்லாம் சாவோ ஜுவாவோ திருவிழா களைகட்டிவிட்டது. வீட்டுக்கு வீடு காகிதக் கொடிகள், அக்கார்டியன் சத்தம், கட்டம்போட்ட சட்டைகள். இருபத்துமூன்றாம் தேதி மாலை ஒவ்வொரு வாசலிலும் சொக்கப்பனை மாதிரி விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். ஊரே சோளம் வாங்க ஓடியது, நான் மட்டும் சதவீதக் கணக்கில் இருந்தேன்.

என்னிடம் இன்னொரு பணம் இருந்தது. சட்டசபைக்கு வராத பணம்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் நோட்டைத் திணித்துச் சொன்னாள்: "இதைத் தொடாதே. மாசாமாசம் இதுல கொஞ்சம் போடு. புருஷன் நல்லவனா இருந்தாலும் போடு. என்னிக்காவது போகணும்னு தோணினா, யார்கிட்டயும் கைநீட்டாம கிளம்பிப் போகத் தெம்பு இருக்கணும்." அம்மாவுக்கு அந்தத் தெம்பு இருந்ததில்லை. போகவேண்டிய நாட்கள் அவளுக்கு நிறைய இருந்தன, போக வழியில்லை. அதனால் நான் போட்டுவந்தேன். வால்மிர் தங்கமான மனுஷன். பாத்திரம் கழுவுவான், என் கோபத்தைத் தாங்குவான். அப்படியும் போட்டேன். போகிற எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அந்தப் பணம் இருக்கிறது என்ற நினைப்பு, தோளில் யாரோ கைபோட்டு நிற்பதுபோல இருக்கும். அவனிடம் சொல்லவும் முடியவில்லை. எப்படிச் சொல்வது, உன்னை விட்டுப்போகத்தான் சேர்க்கிறேன் என்றா?

இருபத்திரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு ஏலம் மூடுகிறார்கள். ஐந்து மணிக்குக் கடைசி நோயாளி உள்ளே போனார். துளைபோடும் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் செயலியைத் திறந்தேன். புதிய தொகை என்று ஒரு கட்டம் இருந்தது. பழைய தொகையை அது காட்டாது. கடைசியாகப் போட்டது எதுவோ அதுதான் நிற்கும். என் அம்மாவின் பணத்தில் கை வைத்தேன். நாற்பத்தொன்று என்று போட்டு அழுத்தினேன். பயம் பாதி, ஆனால் மீதி ஏதோ ஒரு குதூகலம். வீட்டுக்கு நடந்துபோகவில்லை, கிட்டத்தட்ட ஓடினேன்.

அன்று வால்மிர் பஸ்ஸில் வந்தான். "வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்கு, கிளட்ச் போச்சு," என்றான். அவனும் ஏதோ திருட்டுமுழி முழித்தான். நானே திருட்டுமுழியோடு இருந்ததால் கவனிக்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குச் சீட்டுக் கூட்டம், நேரலையில். முன்னறையில் சர்க்கரை டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்தோம். கூப்பிடாமலேயே தோனா லிந்தால்வா தன் நாற்காலியையும், ஒரு கிண்ணம் சோளப் பாயசத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கும் இதுல பங்கு இருக்கில்ல. யார்கிட்ட விக்கறேன்னு தெரியணுமே," என்றார்.

"நீங்க யார் பக்கம்?" என்றேன்.

"மண்டிக்காரன் நல்ல மனுஷன்தான். ஆனா லாரி காலைல நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆகும். என் பையன் பத்து மணிக்குத்தான் எழுந்திரிப்பான். நான் உங்க பக்கம்."

திரையில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு ஆள் வந்து எல்லாருக்கும் திருநாள் வாழ்த்துச் சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தான். கம்பெனியின் வரலாற்றைச் சொன்னான், புதிய கிளையைப் பற்றிச் சொன்னான். வால்மிர் நகத்தைக் கடித்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு என் நகத்தைக் கடித்தேன்.

குலுக்கல் முதலில். எங்கள் எண் நூற்றுப்பதினேழு. விழுந்தது நூற்றுநாற்பது.

"போய்த் தொலையுது, அது எப்பவும் விழாது," என்றான் வால்மிர். "ஏலத்தைப் பாரு."

தொப்பிக்காரன் ஒரு காகிதத்தை எடுத்தான். "இந்த மாதம் ஏலத்துல கடும் போட்டி," என்றான். அதோடு படம் நின்றுவிட்டது. அவன் வாய் பாதி திறந்தபடி, காகிதம் பாதி தூக்கியபடி, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாரும் அக்கார்டியன்காரர்களை நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், எங்களுக்கு எங்கிருந்து இணைப்பு கிடைக்கும்?

"ஜன்னல்கிட்ட கொண்டுபோ," என்றார் தோனா லிந்தால்வா.

வால்மிர் ஜன்னலுக்கு ஓடினான். வரவில்லை. வாசலுக்கு ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். அடுக்கி வைத்திருந்த விறகின்மேல் ஏறி நின்று போனை ஆகாயத்துக்குத் தூக்கினான். எதிர்வீட்டுக்காரர்கள் இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

"...சதவீதம். எண் நூற்றுப்பதினேழு. வாழ்த்துகள்," என்று போன் தலைக்கு மேலிருந்து சொன்னது.

பிறகு வால்மிர் விறகிலிருந்து குதித்து என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் கத்தினேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியாது. எதிர்வீட்டுப் பையன்கள் காரணம் தெரியாமலேயே ஒரு சரம் பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். தோனா லிந்தால்வா கிண்ணத்தோடு வாசலில் நின்று, "என்னன்னு சொல்லுங்கப்பா, வித்துட்டேனா இல்லியா?" என்றார்.

"வித்துட்டீங்க, வித்துட்டீங்க," என்றேன். அவரையும் கட்டிப்பிடித்தேன், பாயசம் என் தோளில் வழிந்தது.

"நான் சொன்னேன்ல?" வால்மிர் மூச்சு வாங்கச் சிரித்தான். "நாப்பத்தினாலு போட்டா எவன் தாண்டுவான்?"

"நாப்பத்தினாலா?" என்றேன். "நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தினாலு."

"நான்தானே போட்டேன், நாப்பத்தொண்ணு."

சிரித்துக்கொண்டேதான் இருவரும் சொன்னோம். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. வால்மிர் கூட்டத்தின் பதிவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டான். தொப்பிக்காரன் தெளிவாகச் சொன்னான்: நாற்பத்தொன்று. இரண்டாவதாக வந்தவர் நாற்பதரை.

"நான் நேத்து மத்தியானம் நாப்பத்தினாலு போட்டேன்," என்றான் வால்மிர்.

"நான் நேத்து சாயங்காலம் நாப்பத்தொண்ணு போட்டேன்."

அவன் போட்டதன்மேல் நான் போட்டிருக்கிறேன். ஏற்றுகிறேன் என்று நினைத்து இறக்கியிருக்கிறேன். இன்னும் ஒரு சதவீதம் குறைத்துப் போட்டிருந்தால் வீடு போயிருக்கும்.

"நாப்பத்தினாலுக்குப் பணம் ஏது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "பைக்."

"பழைய வண்டி வாங்கற பிரிட்டோ நல்ல விலை குடுத்தான்."

"நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன்."

"தெரியும்."

"கிளட்ச் போச்சுன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன. நாளைக்கு எவனாவது பதினாலாவது மாடியில மாட்டிக்கிட்டா கழுகு மேல ஏறியா போவே? எட்டு வருஷமா இந்த வீட்டுல ஒரே ஒரு விதி. அதையும் மிதிச்சிட்டு..."

"சரி," என்றான் வால்மிர். "நாப்பத்தொண்ணுக்கு உனக்குப் பணம் ஏது?"

தோனா லிந்தால்வா நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். போகிற உத்தேசம் இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். டாக்டர் முன்பணம் கொடுத்தார் என்று சொன்னால் நம்பியிருப்பான். ஆனால் அன்று என்னால் முடியவில்லை. அம்மா சொன்னதைச் சொன்னேன். எதற்கான பணம் என்று சொன்னேன். தெருவில் நின்று, தோளில் பாயசத்தோடு.

"எட்டு வருஷமாவா?" என்றான்.

"ஆமா."

"நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. நீ பண்ணினதால இல்ல."

அவன் ஏறிக் குலைத்த விறகை மறுபடி அடுக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு கட்டையாக எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்தான். அவன் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. இந்த மௌனம் என்னைக் கொன்றது. வீடு கிடைத்த நாளில் வீட்டுக்காரனைத் தொலைத்துவிட்டோமோ என்று பயந்தேன்.

உள்ளே போய்ச் சட்டை மாற்றினேன். சோளம் உரித்தேன், பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தெருவில் ஒன்றிரண்டு வாசல்களில் நெருப்பு எழுந்துவிட்டது. எங்கள் விறகு மட்டும் இருட்டில் நின்றது. எட்டு வருடமும் அதைக் கொளுத்தியது தோனா லிந்தால்வாதான், வீட்டுச் சொந்தக்காரர் என்ற முறையில். இந்த வருடம் அவர் தீப்பெட்டியை வால்மிரின் சட்டைப்பையில் போட்டார்.

"இனிமே உங்க வாசல், உங்க நெருப்பு," என்றார்.

வால்மிர் கொளுத்தவில்லை. என்னைக் கூப்பிட்டான்.

"சட்டசபை கூட்டணும்," என்றான்.

"இங்கேயா?"

"இங்கேயே. நாளன்னிக்குள்ள பணம் கட்டணும். முப்பத்தாறுக்கு மேல அஞ்சு சதவீதம். யாரு பணத்துலேருந்து?"

"என் பணம்," என்றேன். இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "நீ நாளைக்கே பிரிட்டோகிட்டப் போய் வண்டியைத் திருப்பி வாங்கு. காலைல முதல் வேலை அதுதான். என் பணம் வீட்டுக்குப் போகட்டும். இனிமே அது எனக்கு எதுக்கு?"

"என் ஓட்டு எதிர்."

"வால்மிர்..."

"எதிர்னா எதிர்." என் குரலிலேயே சொன்னான், பாவி. "வண்டிப் பணம் கட்டட்டும். மிச்சம் பத்திரச் செலவுக்கு ஆகும். உன் பணம் எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும்."

"கோவத்துல சொல்ற."

"கோவம் இருந்துச்சு. விறகு அடுக்கும்போது நல்லாவே இருந்துச்சு." அவன் கையில் ஒட்டிய மரப்பட்டையை உரித்தான். "அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். எட்டு வருஷமா உன் கையில டிக்கெட் இருந்திருக்கு. நான் குறட்டை விட்டப்ப இருந்துச்சு, உன் தங்கச்சி கல்யாணத்துல நான் குடிச்சிட்டு மேளம் அடிச்சப்ப இருந்துச்சு. நீ போகல. அந்தப் பணத்தை வீட்டுல போட்டுட்டேன்னா, நாளைக்கு நீ இருக்கறது இருக்கணும்னு தோணியா, வேற வழியில்லாமலான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும்."

அவனை ஒழுங்காகப் பார்க்கக்கூட முடியாமல் கண்ணீர் மறைத்தது. இவனுக்குப் பேசத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஆனா வண்டி?" என்றேன். வேறு எதையாவது சொல்லாவிட்டால் தெருவில் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

"கம்பெனில பழைய வேன் ஒண்ணு கிடக்கு. ராத்திரி கூப்பிட்டா அதை எடுத்துக்கோன்னு ரொம்ப நாளா சொல்றாங்க. நான்தான் பைக் இருக்கற திமிர்ல வேணாம்னேன்."

"என் ஓட்டு இன்னும் எதிர்தான். ஒண்ணுக்கு ஒண்ணு. தீர்மானம் நிக்காது."

"பத்திரம் பதியற வரைக்கும் இது என் வீடு," என்றார் நாற்காலியிலிருந்து தோனா லிந்தால்வா. "அதனால எனக்கும் ஒரு ஓட்டு உண்டு. நான் வால்மிர் பக்கம். சீக்கிரம் கொளுத்துங்க, எனக்குச் சோளம் சுடணும்."

தோற்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எந்த ஓட்டிலும் தோற்றதில்லை. வால்மிர் சிரித்தான், மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக. என் தோளில் கைபோட்டான். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசினவனிடம் கணக்கைப் பாதி சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றேன். "அந்த அஞ்சு சதவீதம் என்கிட்ட இருந்த முழுப் பணம் இல்ல."

"என்ன?"

"பாதிதான் போட்டேன். மீதிப் பாதியை வெச்சுக்கிட்டேன்."

வால்மிர் என்னைப் பார்த்தான். தோனா லிந்தால்வா உரித்த சோளத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அவன் வயிறு குலுங்க ஆரம்பித்து, பிறகு சத்தமாகச் சிரித்தான். எதிர்வீட்டுக்காரர்கள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் ஒழுங்காத்தான் இருக்கணும்போல," என்று சொல்லி, குனிந்து விறகுக்குத் தீ வைத்தான்.